இரண்டு புள்ளி மூன்று வோல்ட்

ஏப்ரல் மாதம். நாலு கண்ணாடியும் இறக்கி,
ஹீட்டரை முழுசாகத் திருகிவைத்து,
வில்சன் கார்டன் பத்தாவது கிராஸில் வந்து நின்றார் புட்டசாமி.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
கல்யாணங்களுக்குச் சமையல் எடுப்பவர்;
பின்சீட்டில் இரண்டு கரண்டி, ஒரு தூக்கு, புளியோகரே வாசம்.

"முள்ளு சிவப்புக்குப் போகுது, குளோரி மேடம்.
ஹீட்டரைப் போட்டா சூடு உள்ள வந்துடும்னாங்க.
நான் வெந்தாலும் எஞ்சின் பொழைக்கும்."

ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டது. தெர்மோஸ்டாட்டும்.
வாட்டர் பம்ப், அதற்கொரு பெல்ட்.
பதினாலாயிரத்துக்கான ரசீதுகள்
ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை.
அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பகலிலுமா, என்றேன்.
யோசித்தார். "ராத்திரி பந்தி முடிஞ்சு திரும்பும்போதுதான்."

ஹெட்லைட்டைப் போட்டேன்.
முள் எழுந்தது,
வகுப்பில் பேர் கூப்பிட்டதுபோல.
அணைத்தேன், உட்கார்ந்தது.
மறுபடி போட்டபோது பக்கத்து முள்ளைப் பார்த்தேன்.
பெட்ரோலும் கூடவே எழுந்து
அரை டேங்கில் நின்றது.

வெளிச்சம் போட்டால் பெட்ரோல் ஊறும் வண்டியை
எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொன்னால்
இருவரையும் அடித்துப் பயனில்லை.
அவர்கள் சேர்ந்து டீ குடிக்கும் கடையைத் தேட வேண்டும்.

டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன்.
கழுத்தோரம் பிரேக் பெடல், பல்லில் டார்ச்.
ஸ்டீரியோ போட்டவன் வெட்டி விட்ட ஒயர்,
அலாரம் போட்டவன் அவசரமாய்ச் சுற்றிய டேப்,
எந்தப் பிள்ளையோ தொலைத்த பச்சை ஹேர்கிளிப்.
மல்டிமீட்டரின் ஒரு காலைப் பேட்டரி நெகட்டிவிலும்
மறு காலை மீட்டர்களின் எர்த்திலும் வைத்தேன்.

பூமிக்கும் பூமிக்கும் நடுவே
பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.
லைட் போட்டதும் இரண்டு புள்ளி மூன்று.

எல்லோரும் போகிற கரண்டைத் துரத்துகிறார்கள்,
அது வீடு திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை.
ஈஜிபுராவில் ஒரு சாக்கடை அடைத்தால்
மழை எல்லார் வாசற்படியிலும் ஏறுமே, அப்படி.
முட்கள் பாவம்,
தங்கள் படியேறி வந்த தண்ணீரை
ஒழுங்காகத்தான் அளந்துகொண்டிருந்தன.

ஸ்டீயரிங் தண்டுக்கு வலப்பக்கம்
தகட்டில் ஒரு பத்து எம்எம் போல்ட்.
அடியில் துரு; வளையத்தில் பச்சைப் பூ.
உப்புத்தாளால் தேய்த்தேன். தகடு வெளுத்தது.
ஒரு நட்சத்திர வாஷர். இறுக்கினேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

"அஷ்டேனா?" என்றார் புட்டசாமி.
பதினாலாயிரத்துக்கு முன்னால்
அந்த போல்ட் அவமானமாகத் தெரிந்தது அவருக்கு.
முந்நூற்றைம்பது என்றேன்.
வாஷருக்கு இரண்டு ரூபாய்.
மீதி, ஹீட்டரை அணைத்ததற்கு.

அணைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
ஹெட்லைட்டைப் போட்டார்; சூட்டு முள் நடுவிலேயே நின்றது.
சிரிக்க ஆரம்பித்தவர்
பக்கத்து முள்ளை நகத்தால் தட்டினார்.
காலிக் கோட்டுக்கும் கீழே படுத்திருந்தது.

"இதைக் கெடுத்துட்டீங்களா?"
இல்லை சார். இப்பதான் சரியா இருக்கு.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, யாரிடமோ சொல்வதுபோல்:
"பகல்ல இறங்கும், ராத்திரி ஏறும்.
ராத்திரி சொன்னதையே நான் வெச்சுக்கிட்டேன்."

கிராஸ் முனை தாண்டுமுன் வண்டி இருமி நின்றது.
லக்கசந்திரா பங்க் நானூறு மீட்டர்.
அவர் கதவோரம் ஸ்டீயரிங்கைப் பிடித்து நடந்தார்,
நான் பின்னாலிருந்து தள்ளினேன்.
ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது,
அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை.
நாலடிக்கு ஒருமுறை உள்ளே குனிந்து பார்த்தார்.

முந்நூற்றைம்பது
இன்னும் வரவில்லை.